காலையில் மட்டும் விழுகிற கம்ப்யூட்டர்

"மறுபடியும் போயிடுச்சுப்பா" என்று அப்பா போனில் சொன்னபோது நான் வழக்கம்போல ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், "என்ன செஞ்சுட்டிருந்தீங்க?" அவர் ஒன்றும் செய்யவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், நிமிர்வதற்குள் திரை கறுத்துத் தானாகவே முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது. "காலையில ஒரு தடவை ரெண்டு தடவை இப்படிப் பண்ணும், அப்புறம் ராத்திரி வரைக்கும் ஒழுங்காத்தான் ஓடும்" என்று கூடவே ஒன்று சொன்னார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போட்டுக்கொண்டிருந்தால் ஏழு வாரம் மிச்சம், இந்தப் பதிவை எழுதவும் வேண்டியிருந்திருக்காது.

மெஷின் பழையது. 2012-இல் வந்த கோர் ஐ5 3470, டிடிஆர்3 ரேம் 4 ஜிபி இரண்டு, ஒரு ஹார்ட் டிஸ்க், பின்னாளில் நான் சேர்த்த ஒரு எஸ்எஸ்டி, யாரோ தூக்கிப் போட இருந்ததை வாங்கிச் செருகிய ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு. "இதை இன்னுமா வெச்சிருக்கீங்க" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், ஸ்கேனர். பழைய நெகட்டிவ் படச்சுருள்களை அப்பா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார், அந்த ஸ்கேனரின் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், இந்த மெஷினில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததும் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டோம். அதற்கு ஸ்கேன் செய்வதைத் தவிர வேறு வேலை கிடையாது.

முதலில் தூசு. யாரிடம் கேட்டாலும் முதலில் தூசு என்றுதான் சொல்வார்கள், நானும் அதையேதான் செய்தேன். கேபினெட்டைத் திறந்தால் பிராசஸர் ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் ஒரு கம்பளியே நெய்து வைத்திருந்தது. பிரஷ் போட்டுத் துடைத்து, காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து மாட்டினேன். ஹீட் சிங்க்கை மதர்போர்டில் பிடித்து வைக்கும் நான்கு கறுப்பு பின்களில் ஒன்று சரியாக உட்காரவில்லை என்பதை இரண்டாவது நாள்தான் கவனித்தேன், அது தனிக்கதை. சூடு 88 டிகிரியிலிருந்து 60-க்கு இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு போன்.

இதில் ஒன்றை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். இந்தத் தலைமுறை பிராசஸர்கள் சூடு ஏறினால் முதலில் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் தாங்காத உயரத்துக்குப் போனால் மெஷினையே சட்டென்று அணைத்துவிடும். அதாவது சூட்டுக்கு முன்னறிவிப்பு மாதிரி ஒரு மந்தம் இருக்கும், பெரிய வேலை ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது வரும். அப்பாவுடைய மெஷினோ இப்போதுதான் போட்டது, எந்த வேலையும் ஆரம்பிக்கவில்லை, ஜில்லென்று இருக்கிறது. ஜில்லென்று இருக்கிற மெஷினுக்குச் சூட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அடுத்ததாக அது என்னதான் சொல்கிறது என்று பார்ப்போம் என்று, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தி வைத்தேன். சிஸ்டம் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்று ஒன்று இருக்கும், அதில் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதில் இருக்கிற டிக்கை எடுத்துவிட்டால் நீலத்திரை, அதாவது விண்டோஸ் நிலைகுலையும்போது காட்டுகிற பிழைத்திரை, நின்று நிதானமாக முகம் காட்டும். இல்லையென்றால் அரை விநாடி மின்னிவிட்டுப் போய்விடும், "ஏதோ நீலமா வந்துச்சு" என்பதைத் தவிர ஒரு தகவலும் கிடைக்காது. நீலத்திரையில் வருகிற பெயரை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். அப்பாவுக்கு நோட்டில் எழுதுவது என்றால் சொல்லவே வேண்டாம், பால் கணக்கிலிருந்து பல்பு மாற்றிய தேதி வரைக்கும் எழுதுகிறவர்.

முதல் வாரத்தில் வந்தவை: ஒரு நாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, மறுநாள் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், அதற்கப்புறம் மெமரி மேனேஜ்மென்ட், பிறகு சிஸ்டம் சர்வீஸ் எக்ஸெப்ஷன். நடுவில் சில நாள் நீலத்திரையே வராமல் நேரடியாக கறுப்பு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டரில் ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு சின்ன ஃபைல் சேமித்து வைத்திருக்கும், அதை புளூஸ்கிரீன்வியூ என்கிற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தால் எந்த டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது என்று காட்டும். ஒரு தடவை கிராபிக்ஸ் டிரைவர், ஒரு தடவை நெட்வொர்க் டிரைவர், ஒரு தடவை டிஸ்க்கைப் படிக்கிற என்டிஎஃப்எஸ், ஒரு தடவை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலே. நான் என்ன செய்தேன்? கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினேன், நெட்வொர்க் டிரைவரை மாற்றினேன், இப்படி அது கைகாட்டிய ஆளையெல்லாம் பிடித்து விசாரித்தேன். ஒரே டிரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரைச் சந்தேகப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. தினம் ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயர்களில் எதுவுமே முக்கியம் இல்லை. வீட்டில் ஆளாளுக்கு ஒரு மூலையில் வழுக்கி விழுந்தால் செருப்பைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா?

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் மட்டும் ஏமாறவில்லை என்று தெரியும். இப்படி விழுந்து எழுந்த எந்த மெஷினிலும் கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் ஒரு பதிவு இருக்கும். பெயரில் பவர் என்று இருப்பதால் உடனே மின்சாரக் கோளாறு என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது சொல்வது இவ்வளவுதான்: போன தடவை ஒழுங்காக மூடப்படாமல் நின்றுபோனேன். ஏன் என்று அதற்கும் தெரியாது. ஆனால் அதன் விவரப் பகுதிக்குள் போனால் பக்செக்கோடு என்று ஓர் எண் இருக்கும், அதுதான் பார்க்க வேண்டியது. அது 0 என்றால் நீலத்திரை போடக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை, கரண்ட் அறுந்திருக்கிறது அல்லது மெஷின் உறைந்துபோய் யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். 0 இல்லையென்றால் நீலத்திரை வந்திருக்கிறது. இதில் ஒரு சின்னக் கண்ணி: அங்கே எண் சாதாரணக் கணக்கில் இருக்கும், நீலத்திரைக் குறியீடுகளின் பட்டியல்களிலோ பதினாறடிமானத்தில் (ஹெக்ஸாடெசிமல்) இருக்கும். 80 என்று அங்கே பார்த்துவிட்டு 80-ஐயே தேடினால் சம்பந்தமில்லாத எதையாவது படித்துக்கொண்டிருப்பீர்கள், பட்டியலில் அது 50, அதாவது அந்த பேஜ் ஃபால்ட். 292 என்று வந்தால் அது 124, பிராசஸரே தன்னிடம் ஹார்டுவேர் பிழை என்று கைதூக்குவது. நான் 80-ஐத் தேடி ஒரு மணி நேரம் வீணாக்கினேன்.

எனக்கு இரண்டு வகையும் கலந்து வந்தது. சில நாள் 0, சில நாள் ஏதாவது ஓர் எண்.

அப்புறம் ரேம். இரண்டு துண்டுகளையும் கழற்றி, தங்க நிறத் தொடர்பு முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, பொடியை ஊதிவிட்டு மாட்டினேன். பள்ளிக்கூட வைத்தியம்தான், ஆனால் கேலி செய்யாதீர்கள், இப்படி உயிர் பெற்ற மெஷின்கள் எத்தனையோ. ரேமைப் பரிசோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை பென் டிரைவில் ஏற்றி, அன்று முழுக்க ஓடிக்கொண்டிருந்த மெஷினை ராத்திரி பத்து மணிக்கு ரீஸ்டார்ட் செய்து அதில் விட்டுவிட்டுத் தூங்கப் போனோம். விடிந்து பார்த்தால் ஏழு சுற்று முடிந்திருந்தது, பிழை 0. ரேம் நிரபராதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தப் பரிசோதனையை எந்த நேரத்தில் ஆரம்பித்தேன் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு, என்னை மோசமாக ஏமாற்றியது இதுதான். ஐ5 3470-க்குள்ளேயே ஹெச்டி 2500 என்ற கிராபிக்ஸ் இருக்கிறது, ஸ்கேன் செய்யும் வேலைக்கு அது தாராளம். கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டினேன். ஐந்து நாள் ஒரு பிரச்சினையும் இல்லை! அப்பா நிம்மதி ஆனார், நான் அந்த கார்டைப் பற்றி இரண்டு பேரிடம் வாய்க்கு வந்தபடி பேசியும் விட்டேன். ஆறாவது நாள் காலை, ஐஆர்க்யூஎல். பாவம் அந்த கார்டு. அதைக் கழற்றியபோது நான் ஒரு பாகத்தை மட்டும் எடுக்கவில்லை, கூடவே ஒரு சுமையையும் இறக்கியிருந்தேன். தனியாக மின் கேபிள் இல்லாத கார்டு ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் வரைக்கும் இழுக்கலாம். மூச்சு வாங்குகிறவன் தலையிலிருந்து மூட்டையை இறக்கினால் அவன் கொஞ்ச தூரம் நன்றாக நடப்பான், அதனால் மூட்டையில்தான் நோய் என்று ஆகிவிடாது. இது எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போது எழுதும்போது புத்திசாலி மாதிரி எழுதுகிறேன்.

நான்காவது வாரம் பொறுமை போய் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடலாம் என்று உட்கார்ந்தேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஹார்டுவேரில் சந்தேகம் இருக்கும்போது விண்டோஸ் போடுவது, விரிசல் விட்ட குடத்தில் புதுத் தண்ணீர் பிடிப்பது மாதிரி. முதல் முயற்சி பாதியில் ஃபைலை எழுத முடியவில்லை என்று நின்றது. இரண்டாவது முயற்சி முடிந்தது, ஆனால் எழுதிய ஃபைல்களில் எது நல்லது எது சேதம் என்று யாருக்குத் தெரியும்? அதைவிடப் பெரிய தப்பு, அதற்கு முன்னால் அப்பாவின் படங்களை அதே மெஷினிலிருந்தே எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி செய்தேன். ரேம் வழியாகப் போகிற ஒவ்வொரு பைட்டும் சந்தேகத்துக்குரியது என்பது உறைக்கவில்லை. எட்டு படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாகிவிட்டன. நல்லவேளை நெகட்டிவ் கையில் இருந்தது, அப்பா திரும்ப ஸ்கேன் செய்துகொண்டார், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இனி எப்போதாவது இந்த நிலைமை வந்தால் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, வேறொரு நல்ல மெஷினில் காப்பி செய்வேன். அதுவும் முதல் நாளே, தூசு துடைப்பதற்கும் முன்னால்.

ஐந்தாவது வாரம் நேரில் போனேன். நோட்டைக் கேட்டு வாங்கினேன். நான் நீலத்திரையின் பெயரை மட்டும்தான் எழுதச் சொல்லியிருந்தேன். அப்பா தன் வழக்கப்படி நான்கு பத்தி போட்டு எழுதியிருந்தார்: தேதி, முந்தைய இரவு மூடிய நேரம், விழுந்த நேரம், திரையில் வந்தது. நான் நான்காவது பத்தியை மட்டுமே ஐந்து வாரமாக போனில் கேட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மொத்தம் 14 வரி. விழுந்த நேரம் என்கிற பத்தியில் விரலை வைத்துக் கீழே இறங்கினால் 6.50, 7.05, 6.45, 7.10, 6.55... 11 வரிகள் காலை ஏழை ஒட்டியே. மீதி மூன்றில் இரண்டு மத்தியானம், ஆனால் அந்த இரண்டு நாளும் வெளியூர் போய்விட்டு வந்து மத்தியானம்தான் முதல் தடவையாகப் போட்டிருக்கிறார். கடைசி ஒன்றுக்கு எதிரே "கால் பட்டு பிளக் கழன்றது" என்று நேர்மையாக எழுதி வைத்திருந்தார்.

அப்போதுதான் அந்த முதல் நாள் போன் பேச்சு மண்டையில் வந்து உட்கார்ந்தது. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. "பார்த்தியா, வெயில் நாள்ல இது இவ்வளவு இல்லை, பனி ஆரம்பிச்சதும்தான்" என்று மட்டும் சொன்னார்.

விழுவது வேலை செய்வதால் இல்லை, ஆறிக் கிடப்பதால். இதைச் சோதிப்பதற்கு ஒரு காசு செலவில்லாத வழி இருந்தது. மறுநாள் காலை மெஷினைப் போட்டதும் நேராக பயாஸ் திரைக்குள், அதாவது விண்டோஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால் வரும் மதர்போர்டின் சொந்த செட்டிங்ஸ் திரைக்குள், போய் அப்படியே விட்டுவிட்டோம். பயாஸில் விண்டோஸ் கிடையாது, டிரைவர் கிடையாது, ஆனால் உள்ளே மின்சாரம் ஓடும், பாகங்கள் மெல்லச் சூடேறும். 20 நிமிடம் கழித்து விண்டோஸுக்குள் போனால் நாள் முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்று நாள் இப்படி. நான்காவது நாள் வேண்டுமென்றே காத்திருக்காமல் நேராகப் போனோம், எட்டாவது நிமிடம் விழுந்தது. இதைப் பார்த்து நான் சிரித்ததை அப்பா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுத்த காலை, ஆறிக் கிடந்த மெஷினில் முதல் காரியமாக மெம்டெஸ்ட். நான்கு நிமிடத்துக்குள் திரையில் சிவப்பு வரிகள் கொட்டின. ஒரே முகவரியில் இல்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாக. கால் மணி நேரத்துக்கு மேல் புதிதாக ஒன்றும் வரவில்லை, இரண்டாவது சுற்றில் ஒன்றுகூட இல்லை. முன்பு ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு, பகல் முழுக்க ஓடிச் சூடாக இருந்த மெஷினில் பரிசோதனை செய்து ரேமுக்கு நற்சான்றிதழ் கொடுத்தேனே, அந்தப் பரிசோதனையில் தப்பில்லை, நான் வைத்த நேரம்தான் தப்பு. அதே சமயம் இப்போது ரேமைக் குற்றவாளி ஆக்குவதும் அவசரம். ஒவ்வொரு துண்டாகத் தனித்தனியே மாட்டி இரண்டு காலை பார்த்தோம், இரண்டிலுமே பிழை வந்தது. இரண்டு துண்டும் ஒரே நேரத்தில் ஒரே விதமாகக் கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது? மதர்போர்டு, அதற்குப் பின்னால் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தருகிற பெட்டியான எஸ்எம்பிஎஸ். அந்த மெஷினில் ஹார்ட் டிஸ்க் ஒரு தடவை மாறியிருக்கிறது, ஃபேன் மாறியிருக்கிறது, கேபினெட் கூட மாறியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் மட்டும் முதல் நாள் வந்ததே.

குளிருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்றால், கெபாசிட்டர். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை நறுக்கி, இறக்கி, 12, 5, 3.3 வோல்ட்டாகத் தருகிறது. நறுக்கினால் மேடு பள்ளம் இருக்கும், அந்த மேடு பள்ளத்தைத் தட்டையாக்குவதுதான் உள்ளே இருக்கும் உருளை கெபாசிட்டர்களின் வேலை. அவற்றுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வருடக்கணக்கில் சூட்டில் இருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றும், வற்ற வற்ற உள்தடை ஏறும், உள்தடை ஏறினால் மேடு பள்ளத்தை விழுங்க முடியாது. குளிரில் அந்த உள்தடை இன்னும் அதிகம். கொஞ்சம் ஓடிச் சூடானதும் திரவம் இளகி, உள்தடை இறங்கி, "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று நடிக்க ஆரம்பித்துவிடும். வயதான மூட்டு மாதிரி, காலையில் எழுந்ததும் நாலு அடி நொண்டி, அப்புறம் சரியாகிவிடும். கெபாசிட்டர் இருக்கும் இடத்தின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேனிலும் அதே கம்பளித் தூசுதான் அடைத்திருந்தது, ஆக தூசுக்கும் இதில் பங்கு உண்டு, நான் நினைத்த விதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேன். மஞ்சள் ஒயரில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 இருக்க வேண்டும், ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது மஞ்சளில் 11.4-லிருந்து 12.6 வரை பரவாயில்லை. காலைக் குளிரில் எனக்கு 11.7 காட்டியது. தேர்ச்சி! ஆனால் மல்டிமீட்டர் காட்டுவது சராசரியை. மேடு பள்ளத்தை அது பார்ப்பதே இல்லை. 12 வோல்ட் வரியில் 120 மில்லிவோல்ட்டும், 5 மற்றும் 3.3 வரிகளில் 50 மில்லிவோல்ட்டும்தான் அந்த மேடு பள்ளத்துக்கு விதிப்படி உச்சவரம்பு, அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும், அது என்னிடம் இல்லை. மீட்டரில் எண் தப்பாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். எண் சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. விண்டோஸுக்குள் ஓடும் மென்பொருள்கள் காட்டுகிற வோல்ட்டேஜை நம்புவதைவிட ஜோசியம் பார்க்கலாம், அதில் ஒன்று எனக்கு 12 வோல்ட் வரியை 7 சொச்சம் என்று காட்டியது, உண்மையில் 7 வோல்ட் என்றால் மெஷின் கண்ணே திறக்காது.

ரேமுக்கு வேண்டிய 1.5 வோல்ட்டைத் தயாரிப்பது மதர்போர்டு, அதனால் மதர்போர்டில் இருக்கும் கெபாசிட்டரும் குற்றவாளியாக இருக்கலாம். மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. என் சொந்த மெஷினிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக்கொண்டு போய் மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் வியர்த்துவிட்டது. மதர்போர்டும் போச்சா என்று அப்பா முகத்தைப் பார்க்காமல் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பிராசஸர் பக்கத்தில் செருக வேண்டிய அந்தச் சதுர 4 பின் கேபிள் காற்றில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இதை ஒவ்வொரு தடவையும் மறப்பேன்.

இப்படிப்பட்ட கோளாறில் கொடுமை என்னவென்றால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பரிசோதனைதான் செய்யலாம். மாட்டிவிட்டு ராத்திரி முழுக்க ஆற விட வேண்டும். மறுநாள் காலை 6.50, மெம்டெஸ்ட், முழுச் சுற்று, பிழை 0. அதற்கு மறுநாளும் 0. மூன்றாம் நாள் பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திரும்ப மாட்டினேன், அதையும் செய்தால்தான் நம்புவேன் என்று. ஐந்து நிமிடத்தில் சிவப்பு வரிகள். கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் இந்தக் கடைசிப் படியைச் செய்திருந்தால் அதன் மேல் அபாண்டம் சுமத்தியிருக்க மாட்டேன்.

பழையதை நான் திறக்கவில்லை, நீங்களும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், விளையாட்டு இல்லை. ஃபேன் கம்பி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டையாக இருக்க வேண்டிய இரண்டு உருளைகளின் தலை ஊதி நின்றது, ஒன்றின் மேல் காய்ந்த பழுப்புக் கறை.

புதிதாக 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று போட்டோம். பிராசஸர் 77 வாட், கார்டு அதிகபட்சம் 75, மீதி எல்லாம் சேர்த்தாலும் 250-ஐத் தாண்டாது, 750 வாட் வாங்கச் சொன்ன நண்பருக்கு வணக்கம் மட்டும் சொன்னேன். ஒரு எச்சரிக்கை: கேபிள்கள் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை எஸ்எம்பிஎஸ் என்றால், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை, நுனி பொருந்துகிறது என்பதற்காக மாட்டிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க் அந்த இடத்திலேயே காலி. என் கேபிள் கொஞ்சம் நீளமாக இருந்ததால் எனக்கும் கை துறுதுறுத்தது.

விண்டோஸை மறுபடியும் சுத்தமாகப் போட்டேன், இந்தத் தடவை ஒரே மூச்சில் முடிந்தது. டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கில் 199 என்கிற வரியில் சில நூறு பிழைகள் இருந்தன, அது பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் சமாச்சாரம், கேபிளை மாற்றியதும் எண் நகராமல் நிற்கிறது. கிராபிக்ஸ் கார்டு மன்னிப்போடு பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

மூன்று மாதம் ஆகிறது. நோட்டில் 14-ஆவது வரிக்குக் கீழே, பரிசோதனைக்காக நாங்களே விழவைத்த நாட்கள் தவிர, ஒன்றும் ஏறவில்லை. ஆனால் போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன், காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு பயாஸ் திரையில் நிறுத்திவிட்டு அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். இனிமேல் தேவையில்லை, நேராகவே போகலாம் என்றேன்.

"இருக்கட்டும்பா, பேப்பர் முடியட்டும்" என்றார்.